யூகாய் வீடு நின்ற திசை

அக்தெரெக் ஊரில் யூகாய் குடும்பத்தின் வீடு நாற்பத்தாறு வருடங்களாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மாதத்துக்கு ஐந்தாறு தடவை, கல்யாண சீசனில் பத்துப் பன்னிரண்டு தடவை. காலையில் கிழக்கே பார்த்த வாசல் சாயங்காலம் வடமேற்கே பார்க்கும். மாவரைக்கும் கல் சுற்றுகிற சத்தம் வரும், அலமாரியில் தட்டுகள் லேசாகக் கலகலக்கும், அவ்வளவுதான். உள்ளே படுத்திருக்கிறவர்கள் புரண்டுகூடப் படுக்க மாட்டார்கள். ஆனால் வெளியே காலெடுத்து வைக்கும்போது கவனம் வேண்டும். வாசல் கிழக்கே இருந்தால் பக்கத்து வீட்டு ஸுஹ்ராவின் பூண்டுப் பாத்தி, வடமேற்கே இருந்தால் வாய்க்கால். அஃபனாசி யூகாய் தன் வாழ்நாளில் பதினான்கு முறை வாய்க்காலில் விழுந்திருக்கிறார், அதில் மூன்று முறை பனிக்காலம்.

வீடு திசை பார்த்து நிற்பதில் எங்களுக்கு ஆச்சரியம் எதுவும் கிடையாது. கராத்தால் ஆற்றங்கரையில் எல்லா வீடுகளும் அப்படித்தான். முப்பத்தேழாம் வருடம் அரசாங்கத்தார் கொரியர்களை ஊரோடு பிடுங்கி ரயிலில் கொண்டுவந்து கொட்டினார்கள், நாற்பத்தொன்றில் ஜெர்மானியர்களை, நாற்பத்துநான்கில் செச்சென்காரர்களை. சீன முஸ்லிம்களான துங்கான்கள் யாரும் கொட்டாமலே அதற்கு முன்பே மலை தாண்டி நடந்து வந்துவிட்டவர்கள். கூரை வேய்ந்த அன்றைக்கே ஒவ்வொரு வீடும் தன் ஆட்கள் வந்த திக்கைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. கொரியர் வீடுகள் கிழக்கே, ஜெர்மானியர் வீடுகள் வடமேற்கே, செச்சென் வீடுகள் மேற்கே. இந்த மண்ணிலேயே இருந்த கசாக்குகளின் வீடுகள் மட்டும் அவர்களுடைய பழைய கம்பளிக் கூடாரங்களின் வழக்கப்படி தென்கிழக்கே பார்த்தன. தெருவைப் பார்த்து ஒரு வீடும் கிடையாது. மாவட்டத் தலைநகரிலிருந்து வந்த அதிகாரிகள் எங்கள் தெருவைத் திமிர் பிடித்த தெரு என்றார்கள். திரும்பியது திரும்பியபடி அவை நின்றன, அதனால் யாருக்கும் தொந்தரவில்லை. யூகாய் வீடு மட்டும்தான் நிற்கவில்லை.

காரணம் ஊருக்கே தெரியும் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. அஃபனாசி கொரியர், வெங்காய வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். அவருடைய தாத்தா சுய்ஃபுன் ஆற்றங்கரைக்காரர். அவர் மனைவி எர்னா ஜெர்மானியப் பெண், பால் தொழிற்சாலையில் பாலின் கொழுப்பு அளக்கிற வேலை. அவளுடைய தாத்தா வோல்கா ஆற்றங்கரைக்காரர். எழுபத்துநான்காம் வருடம் ஏப்ரலில் கல்யாணம், அதற்காக இந்த வீட்டைக் கட்டினார்கள். சுவரை எர்னாவின் அண்ணன்மார் எழுப்பினார்கள், தரைக்கடியில் புகை ஓடிச் சூடேற்றும் கொரியத் தளத்தை அஃபனாசியின் சித்தப்பாக்கள் போட்டார்கள். கல்யாண விருந்து முடிவதற்குள் வீடு மூன்று தரம் திரும்பிவிட்டது. 'ரெண்டு பொண்டாட்டிக்காரன் மாதிரி இருக்கு இந்த வீடு' என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எர்னா மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு பக்கத்து முன்னோர்களும் இழுக்கிறார்கள் என்று முடிவாயிற்று. அந்த முன்னோர்களைச் சமாதானப்படுத்த எர்னா பட்ட பாடு கொஞ்சமல்ல. ஏப்ரல் ஐந்தாம் தேதி கொரியர் கல்லறைகளில் அரிசிப் பலகாரம் படைத்தாள், ஈஸ்டருக்கு ஜெர்மானியர் கல்லறைகளில் சர்க்கரைப் பொடி தூவிய கேக் வைத்தாள். ஒரு வருடம் யோசித்து, கொரியருக்குக் கேக்கும் ஜெர்மானியருக்கு அரிசிப் பலகாரமும் மாற்றி வைத்துப் பார்த்தாள். அந்த மாதம் வீடு பத்தொன்பது தடவை திரும்பியது.

இதில் எரிச்சலான விஷயம், இருவரும் அந்த ஆறுகளைக் கண்ணால் பார்த்ததில்லை. அஃபனாசி பிறந்தது இங்கே, எர்னா பிறந்தது இங்கே. சுய்ஃபுன் எந்தப் பக்கம் ஓடுகிறது, வோல்காவில் என்ன மீன் கிடைக்கும் என்று கேட்டால் இருவருக்கும் தெரியாது. தெரியாத இரண்டு ஆறுகளுக்காக எர்னா நாற்பத்தாறு வருடம் துணி காயவைக்கும் கயிற்றை மாற்றி மாற்றிக் கட்டினாள். அவளுடைய முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாயும் அஃபனாசியின் மிளகாய்க் கோஸ் ஜாடியும் சுவரோரம் அருகருகே இருக்கும். வீடு ஒரு பக்கம் திரும்பினால் பீப்பாயில் வெயில் விழும், மறுபக்கம் திரும்பினால் ஜாடியில் விழும். வருடத்தில் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும். கெட்டது யாருடையதோ அவர் அந்தக் குளிர்காலம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். மின்சாரக் கம்பி மட்டும் பிரச்சினை செய்யவில்லை. பழைய காலத்து மின்வாரியத் தொழிலாளி ஒருவர் நல்ல மனிதர், கம்பியைத் தளர்வாக விட்டுவிட்டுப் போயிருந்தார். தொண்ணூறுகளில் எர்னாவின் அண்ணன்மார் ஜெர்மனிக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். அங்கே தங்களை ரஷ்யர்கள் என்கிறார்கள் என்றும், வீடுகள் திரும்புவதில்லை என்றும், விருந்தாளி வந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை என்றும் கடிதம் போட்டார்கள். எர்னாவுக்கும் அங்கே போவதற்கான காகிதம் தயாராக இருந்தது. அவள் அதை ஊறுகாய்ப் பீப்பாயின் மூடிக்கு மேல் கல் வைத்து அழுத்திவிட்டாள்.

நாற்பத்தாறாவது வருடம் எங்கள் தெருவுக்குக் குழாய் எரிவாயு வந்தது. அந்த வருடம்தான் மருத்துவர் அஃபனாசியின் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, நிலக்கரிப் புகையோடு இன்னொரு குளிர்காலத்தை இந்த மனிதர் தாண்ட மாட்டார் என்று எர்னாவிடம் சொன்னார். எரிவாயு உள்ள வேறு வீட்டுக்குப் போகலாமே என்றும் சொன்னார். அஃபனாசி எந்த வீட்டுக்குப் போனாலும் அது திரும்பும் என்று மருத்துவருக்கு விளக்க எர்னாவுக்குப் பொறுமை இல்லை. மார்ச் மாதம் அது. நவம்பரில் அடுப்பு மூட்ட வேண்டும். அதற்குள் எரிவாயுவை வீட்டுக்குக் கொண்டுவர அவளுக்கு எட்டு மாதம் இருந்தது.

எரிவாயு அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் ஜுமாதில் வந்தான். நல்ல பையன் என்று சொல்ல முடியாது, ஐம்பத்தொன்பது வயது. ஆனால் நல்ல மனிதன், மரியாதை தெரிந்த கசாக்கு, விதி தெரிந்த ஊழியன். மஞ்சள் பெயின்ட் அடித்த இரும்புக் குழாய் தெருவோரமாக ஆள் உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து வீட்டுக்குக் கிளை எடுக்க வேண்டும். வீடு முப்பது நாள் அசையாமல் நிற்க வேண்டும் என்றது விதி. இந்த விதியை எழுதியவர் நிலநடுக்கத்தை மனதில் வைத்து எழுதியிருக்கலாம். ஜுமாதில் வந்தான், அரைக் கோப்பை அரைக் கோப்பையாக ஊற்றிய தேநீரைக் குடித்தான், கயிறு பிடித்து அளந்தான். இரண்டாம் கோப்பைக்கு வீடு திரும்பியது. 'வீடு திரும்புகிறது' என்று படிவத்தில் எழுதிவிட்டுப் போனான். மே மாதம் வந்தான், திரும்பியது. ஜூனில் வந்தான், திரும்பியது.

எர்னா மனு எழுதினாள். வீட்டின் திசை தங்கள் வரம்புக்குள் வராது, நிலத்துறையைக் கேட்கவும் என்று எரிவாயு அலுவலகம் பதில் போட்டது. அசைகிற சொத்து தங்கள் வரம்புக்குள் வராது, போக்குவரத்துத் துறையைக் கேட்கவும் என்றது நிலத்துறை. போக்குவரத்துத் துறை வண்டி எண்ணைக் குறிப்பிடச் சொன்னது. பதினொரு மனுக்கள், எல்லாம் கிணற்றில் போட்ட கல். விருந்தாளிக்கு இரண்டாம் கோப்பை ஊற்றிவிட்டுப் பன்னிரண்டாவதை எழுத உட்கார்ந்தபோது வீடு திரும்பியது, மை கொட்டியது, எர்னா பேனாவைச் சுவரில் வீசினாள். 'எல்லாரும் செத்து எழுபது வருஷம் ஆச்சு, இன்னும் உங்களுக்கு என்னய்யா வேணும்!' என்று இரண்டு பக்கத்து முன்னோர்களையும் ஒரே மூச்சில் திட்டினாள். அஃபனாசி தளத்தில் படுத்தபடி, 'மெதுவாத் திட்டு, எங்க ஆளுங்களுக்கு ஜெர்மன் புரியாது' என்று சொல்லிவிட்டு இருமினார்.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டு ஸுஹ்ரா. அந்த வீட்டு வாசல் தன் பூண்டுப் பாத்தியில் இறங்குவதைப் பதினெட்டு வருடமாகப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்த துங்கான் பெண் அவள். ஜூலையில் ஒருநாள் மிதிபட்ட பூண்டை அள்ளிக்கொண்டு நேரே உள்ளே வந்துவிட்டாள்.

'அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. மார்ச்சுல பனி உருகி ரோடு முழுக்கத் தண்ணியாக் கெடந்துச்சே, பதினோரு நாள், அப்ப உன் வீடு அசையவே இல்ல. என் பாத்தி நல்லா இருந்துச்சு. ஏன் அசையலன்னு யோசிச்சியா?'

'ஏன்?'

'உங்க வீட்டுக்கு யாருமே வரல. முன்னோர் கழுதை எல்லாம் இல்லக்கா. வர்ற ஆளுதான். வந்து உக்காந்ததும் என்ன கேக்குறான்?'

வந்து உட்கார்ந்ததும் எங்கள் ஊரில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். உங்க ஆளுங்க எந்தப் பக்கம்? ஏழு தலைமுறைத் தாத்தாக்களின் பேர் சொல்லத் தெரியாத கசாக்கு அநாதைக்குச் சமம். ஆகவே ஒருவரை மதிக்கிறோம் என்று காட்ட அவர்கள் முதலில் இதைத்தான் கேட்பார்கள். ரயிலிலிருந்து பனியில் இறக்கிவிடப்பட்டு நின்ற எங்கள் தாத்தாக்களிடம் அவர்கள் பொரித்த மாவுருண்டையைக் கொடுத்துவிட்டுக் கேட்டதும் இதைத்தான். அதுவரை அந்த ஜனங்களிடம் போலீஸ்காரன் மட்டுமே கேள்வி கேட்டிருந்தான். அன்றைக்குக் கற்றுக்கொண்டதை நாங்கள் விடவில்லை. நாற்பது வருடப் பக்கத்து வீட்டுக்காரன் உப்பு வாங்க வந்தாலும், பதில் தெரிந்திருந்தாலும், கேட்டுவிட்டுத்தான் தேநீரைத் தொடுவான். கேட்காமல் குடித்தால் உன்னை ஆளில்லாதவன் என்று சொன்னதாக அர்த்தம். யூகாய் வீட்டில் கேட்டால் அஃபனாசி 'சுய்ஃபுன்' என்பார், எர்னா 'வோல்கா' என்பாள். கடைசியாகச் சொல்லப்பட்ட பக்கம் வீடு திரும்பும். இதை ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை. விருந்தாளி வந்தால் கதவு திறக்கிறது என்பதை யார் உட்கார்ந்து யோசிக்கிறார்கள்?

செய்தி கேட்ட ஜுமாதில் சந்தோஷமாகிவிட்டான். 'ரொம்ப எளிசு, அக்கா. ரெண்டு பேருல ஒருத்தர் மட்டும் சொல்லுங்க. இன்னொருத்தர் வாயத் தொறக்காதீங்க. முப்பது நாள். அதுக்கப்புறமும் அப்படியே ஓட்டிருங்க' என்றான். எளிது என்று அவன் சொன்னதை எர்னா கடைசிவரை மன்னிக்கவில்லை. அஃபனாசி யோசிக்காமல், தான் வாயை மூடிக்கொள்வதாகச் சொன்னார். ஆகஸ்டு முதல் தேதி தொடங்கினார்கள். விருந்தாளி வருவார், கேட்பார், எர்னா 'வோல்கா' என்பாள், அஃபனாசி தரையில் விரித்த கம்பளியின் பூவை விரலால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீடு வடமேற்கே பார்த்து நின்றது. பத்து நாள், இருபது நாள். எர்னா வாய்க்காலுக்குக் குறுக்கே பலகைகூடப் போட்டுவிட்டாள். இருபத்தேழாம் நாள், ஊருக்குப் புதிதாக வந்த பள்ளி ஆசிரியை ஒருத்தி தேநீருக்கு வந்தாள். எர்னாவிடம் பதில் வாங்கிக்கொண்டு அஃபனாசியைப் பார்த்துத் திரும்பி, 'உங்க ஆளுங்க, ஐயா?' என்று கேட்டாள். அவர் கம்பளிப் பூவைத் தடவினார். ஆசிரியை ஐயோ பாவம் என்கிற முகத்தோடு அவரைப் பார்த்தாள், அநாதையைப் பார்க்கிற பார்வை. எர்னாவால் அதைத் தாங்க முடியவில்லை.

'அவரு சுய்ஃபுன்! சுய்ஃபுன் ஆத்துக்காரரு! ஏழு தலைமுறை பேரு சொல்லட்டுமா?'

இரண்டாம் கோப்பைக்கு வீடு கிழக்கே திரும்பியது. பலகை வாய்க்காலோடு கிடந்தது, ஸுஹ்ரா தன் வீட்டு ஜன்னலிலிருந்து கத்துவது கேட்டது. எர்னா தேநீர்ப் பானையை மேசையில் அறைந்து வைத்துவிட்டு அழுதாள். துக்கத்தில் இல்லை, கோபத்தில்.

செப்டம்பரில் மாற்றிப் பார்த்தார்கள். இந்தத் தடவை எர்னா வாயை மூடிக்கொண்டாள். ஒன்பதாம் நாள் வந்த விருந்தாளியிடம் அஃபனாசி 'சுய்ஃபுன்' என்று சொன்னார், சரி. பிறகு, வாயில் எதையோ கடித்துக்கொண்டிருப்பதைப்போல உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார். 'இவ ஆளுங்க வோல்கா. நல்ல கொத்தனாருங்க' என்று சேர்த்துக்கொண்டார். அதற்கு அவள் போட்ட சண்டை மூன்று நாள் நடந்தது. 'உனக்கு மூச்சு வேணுமா மரியாதை வேணுமா, ஒண்ணு சொல்லு!' என்று கத்தினாள். 'நீ ஆகஸ்டுல பண்ணதத்தான் நானும் பண்ணேன்' என்றார் அவர். அவள் இன்னும் அதிகமாகக் கத்தினாள். முப்பது நாளுக்கு வாசலைச் சாத்தி வைக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்கக்கூடும். எங்கள் ஊரில் திருடியவனுக்குப் பெண் கொடுப்பார்கள், விருந்தாளிக்குக் கதவைச் சாத்தியவனுக்குக் கொடுக்க மாட்டார்கள்.

அக்டோபர் பத்தொன்பதாம் தேதி ஜுமாதில் கடைசித் தடவையாக வந்தான். அந்த மாத முடிவில் இணைப்புப் பட்டியலை மூடிவிடுவார்கள், பிறகு அடுத்த வருடம்தான். ராத்திரி பனி விழுந்திருந்தது, அஃபனாசியால் மூன்று சொல்லுக்கு ஒரு முறை நின்றுதான் பேச முடிந்தது. மூலையில் நிலக்கரி மூட்டை வந்து இறங்கியிருந்தது. ஜுமாதில் தொப்பியைக் கழற்றினான், உட்கார்ந்தான், கோப்பையைக் கையில் வாங்கினான். கேட்காமல் குடித்துவிடலாமா என்று அவன் யோசித்தது அவன் முகத்தில் தெரிந்தது. அவனால் முடியவில்லை. 'மன்னிச்சிருங்க. உங்க ஆளுங்க எந்தப் பக்கம்?' என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

முந்தைய ராத்திரியே எர்னா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். தன் தாத்தாவும் வோல்காவும் நாசமாகப் போகட்டும், புருஷனுடைய ஆற்றைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது, அவரைச் சொல்லவிடாமல் முந்திக்கொள்வது. அஃபனாசியும் அதே ராத்திரி அதே முடிவுக்கு வந்திருந்தார், அவளிடம் சொல்லவில்லை. ஆகவே ஜுமாதில் கேட்டு வாயை மூடிய அதே நொடியில் எர்னா 'சுய்ஃபுன்' என்றாள், அஃபனாசி 'வோல்கா' என்றார். ஒரு எழுத்து முன்பின் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். மூவரும் இரண்டாம் கோப்பைக்காகக் காத்திருந்தார்கள். எர்னா ஊற்றினாள். கல் சுற்றும் சத்தம் தொடங்கியது, தட்டுகள் கலகலத்தன, வீடு கிழக்கிலிருந்து கிளம்பி வடக்கே வந்தது, வந்து, பாதி வழியில் நின்றது. ஜுமாதில் எழுந்து கதவைத் திறந்தான். நேரெதிரே தெரு இருந்தது. தெருவைத் தாண்டி மஞ்சள் குழாய் இருந்தது. அந்த வழியாகப் போன செச்சென் கிழவர் ஒருவர் கழுதை வண்டியை நிறுத்தி, அந்த வீட்டு வாசலுக்கு முதன்முதலாக வணக்கம் சொன்னார்.

பட்டியலை மூடாமல் ஜுமாதில் எப்படித் தள்ளிப்போட்டான் என்பது அலுவலக விஷயம். நவம்பர் பத்தொன்பதாம் தேதி யூகாய் வீட்டில் நீலச் சுடர் எரிந்தது. நிலக்கரி மூட்டையை ஸுஹ்ரா எடுத்துக்கொண்டாள், பூண்டுக்கு நஷ்ட ஈடாக. அதன் பிறகு விருந்தாளி வந்தால் வழக்கம் இதுதான்: அவர் கேட்பார், எர்னா கணவரின் வாயைப் பார்ப்பாள், அவர் மூச்சு இழுக்கும்போது தானும் இழுப்பாள், இருவரும் மற்றவருடைய ஆற்றை ஒன்றாகச் சொல்வார்கள். வாரத்துக்கு நான்கைந்து தரம், நான்கு வருடம். சலிப்பாகத்தான் இருந்தது, 'பால்வாடி குழந்தைங்க மாதிரி ஆக்கிட்டீங்க' என்று எர்னா ஒவ்வொரு தடவையும் முனகினாள். கடைசி வருடம் அஃபனாசியால் 'வோல்கா' என்று முழுதாகச் சொல்ல முடியவில்லை, இருமல்தான் வந்தது. வீடு அதையும் ஏற்றுக்கொண்டது. மருத்துவர் ஒரு குளிர்காலம்கூட இல்லை என்று சொன்ன மனிதர் நான்கு குளிர்காலங்களைத் தாண்டிவிட்டு, ஐந்தாவதின் தொடக்கத்தில், சூடான தளத்தில் தன் இடத்தில் படுத்தபடி இறந்துபோனார்.

அதற்குப் பிந்தைய நாற்பது நாட்கள்தான் எர்னாவின் வாழ்க்கையிலேயே மோசமான நாட்கள். ஊர் முழுக்க வந்தது. உட்கார்ந்தது, தேநீரைக் குடித்தது, அவர் நல்லவர் என்றது, எழுந்துபோனது. ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டால் அவள் ஒருத்தி மட்டும் பதில் சொல்வாள், வீடு திரும்பும், இரும்புக் குழாய் பிய்த்துக்கொள்ளும், தெருவே பற்றியெரியும் என்று எல்லோருக்கும் தெரியும். ஸுஹ்ராகூட வாயைப் பொத்திக்கொண்டு குடித்தாள். நல்லெண்ணம்தான். ஆனால் நாற்பது நாள் ஒரு கிழவியின் வீட்டில் ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் தேநீர் குடித்தால், அவள் யாருமில்லாதவள் என்று நாற்பது நாள் அவள் முகத்துக்கு நேரே சொன்னதாகத்தான் ஆகும்.

நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு ஜுமாதில் வந்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தான். தொப்பியைக் கழற்றினான், உட்கார்ந்தான், கோப்பையை வாங்கினான், வாயருகே கொண்டுபோனான். எர்னா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

'கேளுடா.'

'அக்கா, வேணாம்க்கா. குழாய்...'

'எனக்கு ஆளுங்க இல்லயா? நான் என்ன ரோட்டுல கெடந்தவளா? கேட்டுட்டுக் குடி. இல்லன்னா கோப்பையக் கீழ வையி.'

கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஜுமாதில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான். மஞ்சள் குழாயின் வால்வை இறுக்கி மூடினான். அடுப்பில் நீலச் சுடர் அணைந்தது. திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்து, கோப்பையை எடுத்து, இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

'உங்க ஆளுங்க எந்தப் பக்கம், அக்கா?'

எர்னா பழக்கத்தில் தளத்தின் அந்த மூலையைப் பார்த்தாள். மூச்சை இழுத்தாள். 'சுய்ஃபுன்' என்றாள். அவள் சொன்ன அதே நொடியில், கம்பளி மட்டும் விரித்திருந்த அந்த மூலையிலிருந்து ஓர் இருமல் கேட்டது. பெரிய இருமல் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்கு இல்லை. எல்லோருக்கும் கேட்டது. எர்னா இரண்டாம் கோப்பையை அரைக் கோப்பையாக ஊற்றினாள். தட்டுகள் அசையவில்லை. மூன்றாம் கோப்பையும் ஊற்றினாள். திறந்திருந்த கதவு வழியாகத் தெரு, இருந்த இடத்திலேயே தெரிந்தது.

'பால்வாடி குழந்தைங்க மாதிரி' என்று எர்னா முனகிக்கொண்டு ரொட்டியை நறுக்கப் போனாள். ஜுமாதில் எழுந்து வெளியே போய் வால்வைத் திறந்துவிட்டு வந்தான்.